மெட்டல் செராமிக் கேப்: குறையை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

பல்லின் மேல் மாட்டும் உறையை நோயாளிகள் கேப் என்கிறார்கள், டாக்டர்கள் பி.எஃப்.எம். (உலோகத்தின் மேல் சுட்ட பீங்கான்) என்கிறார்கள், லேபில் நாங்கள் மெட்டல் செராமிக் என்கிறோம். உள்ளே கோப்பிங் என்கிற மெல்லிய நிக்கல்-குரோமியம் தொப்பி, அதன்மேல் உலோக நிறத்தை மறைக்கும் ஒபேக், அதற்கும் மேல் பல் நிறம் தரும் டென்டின், எனாமல் என்று பீங்கான் அடுக்குகள். பல வருடமாக இதைக் கட்டிச் சுட்டு வருகிறேன். சின்ன லேப்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் "அண்ணா, மறுபடியும் குமிழி வந்திருக்கு" என்று போன் செய்யும்போது நான் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். குறை தெரிந்ததும் பீங்கானை உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி கட்ட உட்காராதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் நன்றாகப் பாருங்கள், ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காரணத்தைச் சொல்வது அந்தப் பரப்புதான். அது போய்விட்டால் அப்புறம் ஊகம் மட்டும்தான் மிஞ்சும். இன்னொன்று, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அலாய் (உலோகக் கலவை), ஒபேக், ஃபர்னஸ் (சுடும் உலை) புரோகிராம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே குறை திரும்பி வரும்.

## கோப்பிங் டையில் உட்காரவில்லை

டை என்பது நோயாளியின் பல்லைப் போலக் கல்லில் வார்த்த மாதிரி. அதன்மேல் வேக்ஸில் வடிவம் செய்து, அதைச் சுற்றி இன்வெஸ்ட்மென்ட் என்ற அச்சுக் கலவையை ஊற்றி, வேக்ஸை எரித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறோம். அப்படி வந்த கோப்பிங் டையில் உட்காராவிட்டால் முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக ஒரு உலோகக் குண்டு ஒட்டியிருக்கும். இன்வெஸ்ட்மென்ட் ஊற்றும்போது வேக்ஸின் மேல் தங்கிய காற்றுக் குமிழிதான் அப்படி உலோகமாக வந்திருக்கிறது. சின்ன ரவுண்ட் பரில் (சுழன்று தேய்க்கும் முனை) எடுத்துவிட்டால் கோப்பிங் இறங்கிவிடும். எங்கே தடுக்கிறது என்று தெரியாவிட்டால் டையில் ஆக்லூட் ஸ்பிரே (தடுக்கும் இடத்தைக் காட்டும் பொடி) அடித்து, அழுத்தாமல் வைத்து எடுங்கள். தேய்ந்த இடம் தெரியும். அழுத்தி உட்கார வைத்தால் டை தேயும். தேய்ந்த டையில் உட்காருகிற கேப் வாயில் உட்காராது.

குண்டு இல்லையென்றால் டையைப் பாருங்கள். ஸ்பேசர் (சிமென்ட்டுக்கு இடம் விட டையில் பூசும் பூச்சு) ஒரு பக்கம் உரிந்திருக்கிறதா, மார்ஜின் (கேப்பின் விளிம்பு முடியும் கோடு) ஓரத்தில் டையின் கல் உடைந்திருக்கிறதா? ஸ்பேசர் மார்ஜினுக்கு அரை முதல் ஒரு மி.மீ. மேலேயே நின்றுவிட வேண்டும்.

டையும் நன்றாக இருந்து, அந்த வாரம் வந்த எல்லாக் காஸ்டிங்கும் இறுக்கமாக இருந்தால் இன்வெஸ்ட்மென்ட் போதுமான அளவு விரியவில்லை என்று பொருள். நிக்கல்-குரோமியம் ஆறும்போது ஏறக்குறைய இரண்டு சதவீதம் சுருங்கும். அதை இன்வெஸ்ட்மென்ட்டின் விரிவுதான் ஈடுகட்டுகிறது. இன்வெஸ்ட்மென்ட் பவுடரைக் கலக்க ஸ்பெஷல் லிக்விடுடன் சேர்க்கும் டிஸ்டில்டு வாட்டரைக் குறைத்து லிக்விடைக் கூட்டினால் விரிவு கூடும். லொடலொடவென்று இருந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள். பத்துப் பத்து சதவீதமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கோப்பிங் ஊற்றிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது திடீரென்று மாறினால் லிக்விடைத் தொடாதீர்கள். பவுடர் பை திறந்து கிடந்து ஈரம் இழுத்திருக்கும். புதுப் பை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு கோப்பிங் மட்டும் நொண்டி ஆடுகிறது என்றால் வேக்ஸ் கோணியிருக்கிறது. சாயந்திரம் வேக்ஸ் செய்து டையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, காலையில் இன்வெஸ்ட் செய்யும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

## டையில் சரியாக இருக்கிறது, வாயில் உட்காரவில்லை

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, பக்கத்துப் பல்லைத் தொடும் இடம் இறுக்கமாக இருக்கிறதா என்பதுதான். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அது சரியென்றால் உள்ளே ஃபிட் செக்கர் (தடுக்கும் இடத்தைக் காட்டும் பசை) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் உலோகம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்தால் போதும்.

ஒரு பக்க மார்ஜின் மூடி மறுபக்கம் திறந்திருந்தாலோ, பிரிட்ஜ் (ஒன்றாகச் சேர்த்துச் செய்த பல கேப்புகள்) ஆடினாலோ லேபில் செய்ய ஒன்றும் இல்லை. டாக்டர் பல்லுக்குப் புது அளவு (அச்சு) எடுக்க வேண்டும். இதைச் சொல்லத் தயங்காதீர்கள். தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்த கேப்புக்கு அடியில் சிமென்ட் கரைந்து, பல் சொத்தையாகும். கஷ்டப்படுவது அந்த நோயாளிதான்.

## மார்ஜின் முழுதாக வரவில்லை

ஓரம் உருண்டு பளபளவென்று இருந்தால் வேக்ஸ் முழுதாக எரியவில்லை. பர்ன்அவுட் (வேக்ஸை எரிக்கும்) நேரத்தைக் கூட்டுங்கள். ஓரம் உருண்டு மங்கலாக இருந்தால் உலோகம் போதிய சூடு ஏறாமல் உள்ளே போயிருக்கும், அல்லது ரிங் (இன்வெஸ்ட்மென்ட் அச்சு) ஃபர்னஸிலிருந்து வெளியே வந்து நெடுநேரம் காத்திருந்திருக்கும். தடித்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஸ்ப்ரூ (உலோகம் உள்ளே போகும் வழி) ஒல்லி. பழைய பட்டனை (ஊற்றியதில் மிஞ்சிய உலோகத்தை) மறுபடி மறுபடி உருக்குவதும் இந்தக் குறையைக் கொண்டுவரும். குறையுள்ள கோப்பிங்கை ஒட்டுப்போட்டுப் பிழைக்க வைப்பதைவிட வேறு ஊற்றுவது மலிவு.

## ஒபேக்கில் குமிழி

என்னை அதிகம் அலைக்கழித்த குறை இதுதான். ஒரு மழைக்காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம், எதைச் சுட்டாலும் ஒபேக்கின் மேல் ஊசி குத்தியது போல் புள்ளி. ஒபேக் பாட்டிலை மாற்றினேன், அலாயை மாற்றினேன், டீகேஸ் (பீங்கான் ஏற்றுமுன் உலோகத்தைத் தனியே சுடுவது) நேரத்தைக் கூட்டினேன். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சாண்ட்பிளாஸ்டர் (காற்றோடு மணலை அடித்து உலோகத்தைச் சுத்தம் செய்யும் கருவி) நாசிலை ஒரு வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்து, மணல் இல்லாமல் காற்றை மட்டும் விட்டேன். தாளில் சின்னச் சின்னதாக ஈரப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சளாக எண்ணெய் வளையம். கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்ததும் அரை டம்ளருக்கு மேல் பால் போன்ற தண்ணீர் கொட்டியது. சுத்தம் செய்கிறேன் என்று நினைத்து ஒவ்வொரு கோப்பிங்குக்கும் நானே எண்ணெய் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் வெள்ளைத் தாள் சோதனைதான் முதல் வேலை. காசு செலவில்லை, ஒரு நிமிடம் போதும். மழைக்காலத்தில் தினமும் காலையில் டேங்கைத் திறந்து விடுங்கள். காற்று வரும் வழியில் ஃபில்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

அடுத்து கை. சாண்ட்பிளாஸ்ட் செய்து ஸ்டீம் அடித்த பிறகு கோப்பிங்கை விரலால் தொடக் கூடாது. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் (இடுக்கி) பிடியுங்கள்.

மூன்றாவது, மெட்டல் தேய்த்த கல். சிலிக்கான் கார்பைடு கல்லும் ரப்பர் வீலும் உலோகத்துக்குள் துகளைப் பதித்துவிட்டுப் போகும், சுடும்போது அது வாயுவாகும். பீங்கான் ஏறும் பரப்பை டங்ஸ்டன் கார்பைடு பராலோ அலுமினியம் ஆக்சைடு கல்லாலோ தேய்ப்பதே நல்லது. ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் மெல்லிய உலோகம் மடிந்து, மடிப்புக்குள் அழுக்கும் காற்றும் மாட்டிக்கொள்ளும்.

நான்காவது, ஒபேக் ஈரத்தோடு உள்ளே போனது. முதல் பூச்சு உலோகம் ஆங்காங்கே தெரிகிற அளவுக்கு மெல்லியதாக, இரண்டாவது பூச்சில் முழுதாக மறைய வேண்டும். இரண்டும் சேர்ந்து 0.2, 0.3 மி.மீ. போதும். ஃபர்னஸ் வாயில் வைத்திருக்கும்போது ஆவி நின்று, பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுத்த பிறகே உள்ளே ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குமிழி ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்தால் அங்கே காஸ்டிங்குக்குள் ஓட்டை இருக்கிறது. ஒபேக்கை எடுத்துவிட்டு லூப்பில் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் அந்தக் கோப்பிங்கைக் கைவிடுங்கள்.

## டென்டினுக்குள் குமிழி

இது பெரும்பாலும் கட்டுகிற முறையில் வருவது. பாதி காய்ந்த பவுடரின் மேல் மறுபடி ஈரம் வைத்துக் கட்டினால் நடுவில் காற்று மாட்டும். லேசாகத் தட்டி, மேலே வரும் தண்ணீரை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, மறுபடி தட்டுங்கள். தண்ணீர் மேலே வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். போர் தண்ணீரை வைத்துக் கட்டாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர் அல்லது கம்பெனி லிக்விட் மட்டும்.

உள்ளெங்கும் புகை மூட்டம் போல் நுண்குமிழிகள் இருந்தால் வேக்குவம் போதவில்லை. ஃபர்னஸ் கதவின் ரப்பர் வளையத்தில் பீங்கான் தூள் ஒட்டியிருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். ஹோஸ் வெடிப்பைப் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மீட்டர் 70 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாண்ட வேண்டும். ஊட்டியில் லேப் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைத் தேடி பம்பைக் குறை சொல்ல வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தமே 58 சென்டிமீட்டர் அளவுதான். வளையமும் ஹோஸும் நன்றாக இருந்தும் மீட்டர் ஏறவில்லையென்றால் பம்ப் சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

## விரிசல்

எப்போது வந்தது, எந்தத் திசையில் ஓடுகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சுடலிலேயே பெரிய பிளவு, வாய் பிளந்தது போல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பீங்கான் சுடும்போது நீளவாக்கில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். பிரிட்ஜில் இரண்டு பல்லுக்கு நடுவே மெல்லிய பிளேடால் ஒபேக் வரை வெட்டிவிடாமல் ஏற்றினால் அது தானே ஒரு இடத்தைத் தேர்ந்து பிளக்கும். பிளவுக்குள் புதுப் பவுடர் நிரப்பி இரண்டாவது சுடலில் சரிசெய்யலாம்.

சுட்டு வெளியே வந்து ஆறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம், மயிரிழை போல ஒரு கோடு. இது வேறு வகை. முதலில் மேஜையைப் பாருங்கள். ஏசி காற்றோ மின்விசிறியோ நேரே படுகிறதா? சூடான கேப்பை இரும்புத் தட்டில் வைத்தீர்களா? அடுத்து பாட்டிலைப் பாருங்கள். ஜிர்கோனியா கேப்புக்கான பீங்கான் பவுடரும் மெட்டல் கேப்புக்கான பீங்கான் பவுடரும் ஒரே அலமாரியில் இருக்கிற லேபில் கை மாறிப்போவது நடக்கிற விஷயம். நிக்கல்-குரோமியத்தின் விரிவு எண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்று காட்டும் எண்) 14-ஐ ஒட்டியிருக்கும், அதற்கான பீங்கான் 13-ஐ ஒட்டியிருக்கும். ஜிர்கோனியா பீங்கான் 9, 10-இல் நிற்கும். அதை உலோகத்தின் மேல் ஏற்றினால் தாங்காது. மூடிகளுக்கு வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், மறுபடி அந்தத் தவறு நடக்காது.

பாட்டில் சரியென்றால் கோடு ஓடும் திசை உதவும். உலோகத்துக்குச் செங்குத்தாக, உள்ளிருந்து வெளியே ஓடினால் அலாயின் விரிவு எண் பீங்கானுக்குக் குறைவு. உலோகத்தோடு இணையாக ஓடி, சில்லாகப் பெயர்ந்தால் அலாயின் எண் மிக அதிகம். அலாய் டப்பாவிலும் பீங்கான் கையேட்டிலும் எண்ணைப் பார்த்து, உலோகம் பீங்கானைவிட அரை முதல் ஒன்று வரை கூடுதலாக இருக்கும்படி ஜோடி சேருங்கள். இணையாக ஓடும் விரிசலுக்கு மெதுவாக ஆறவைப்பதும் ஓரளவு கைகொடுக்கும். செங்குத்து விரிசலுக்கு அதைச் செய்தால் இன்னும் மோசமாகும்.

கோப்பிங் தடிமனையும் கேலிபரில் அளந்துவிடுங்கள். 0.3 மி.மீ.க்குக் கீழே போன இடத்தில் உலோகம் வளையும், பீங்கான் வளையாது.

## பீங்கான் கழன்று வருகிறது

உடைந்த இடத்தில் மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள்.

உலோகத்தின் மேல் ஒபேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே உள்ள பீங்கான் மட்டும் போயிருக்கிறது: ஒட்டும் இடத்தில் குறையில்லை. ஒபேக் குறைவாக வெந்திருக்கலாம். நன்றாக வெந்த ஒபேக் முட்டை ஓடு மாதிரி லேசாக மினுங்கும். சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருந்தால் சூடு போதவில்லை. இல்லையென்றால், பீங்கானுக்கு அடியில் உலோகத் தாங்கல் இல்லாமல் 2 மி.மீ.க்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

உலோகம் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறது, பீங்கானின் அடியில் கறுப்புப் படலம்: சுடும்போது உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு தடித்துப்போய் அதுவே பெயர்ந்திருக்கிறது. டீகேஸ் அதிகம், அல்லது அதன்பின் சாண்ட்பிளாஸ்ட் செய்யவில்லை. அலாயோடு வரும் தாளைப் படியுங்கள். நிக்கல்-குரோமியம் பலவற்றுக்கு ஆக்சைடு ஏற்றிய பிறகு மறுபடி சாண்ட்பிளாஸ்ட் செய்யச் சொல்லியிருப்பார்கள், சிலவற்றுக்கு ஆக்சைடு சுடலே வேண்டாம் என்றிருக்கும். பழைய அலாயின் பழக்கத்தைப் புது அலாய்க்குக் கொண்டுபோவதால்தான் இந்தக் குறை அதிகம் வருகிறது.

இரண்டு பக்கமும் சுத்தமாக, படலமே இல்லாமல் பிரிந்திருக்கிறது: ஒட்டவே இல்லை. எண்ணெய், விரல் ரேகை, சாண்ட்பிளாஸ்ட் போதாமை. மேலே குமிழிக்குச் சொன்ன வெள்ளைத் தாளுக்குத் திரும்புங்கள். 110 மைக்ரான் அலுமினாவை, மூன்று பார் அழுத்தத்தில், சாய்வாகப் பிடித்து அடியுங்கள். ஒருமுறை பயன்படுத்திய மணலைச் சலித்து மறுபடி போடாதீர்கள்.

பழைய பீங்கானை எடுக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வைத்திருக்கும் லேப்கள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். அது தோலில் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம், மணிக்கணக்கில் கழித்து எலும்புவரை போயிருக்கும். சாண்ட்பிளாஸ்டரில் பொறுமையாக எடுங்கள், நேரம்தான் கொஞ்சம் ஆகும். அப்புறம், அலாய் டப்பாவில் பெரிலியம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தூசு நுரையீரலில் தங்கும், வேறு அலாய்க்கு மாறிவிடுங்கள். இல்லாவிட்டாலும் நிக்கல் தூசுக்கு மாஸ்க்கும் சக்‌ஷனும் கட்டாயம்.

## நிறம் சரியில்லை

கழுத்துப் பக்கம் வெள்ளைத் திட்டாக ஒபேக் தெரிந்தால், கேலிபரில் அளந்துபாருங்கள். உலோகம் 0.3, ஒபேக் 0.2 போக, டென்டினுக்குக் குறைந்தது 0.7 மி.மீ. வேண்டும். அந்த இடமே இல்லையென்றால் டாக்டர் பல்லைக் குறைவாகத் தேய்த்திருக்கிறார். முன்பக்கம் 1.2 முதல் 1.5, நுனியில் 2 மி.மீ. எடுத்திருக்க வேண்டும். வேக்ஸ் செய்வதற்கு முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள். கேப்பைக் கொழுக்கவைத்து இடத்தை உண்டாக்கினால் ஈறு வீங்கும்.

எல்லாக் கேப்பும் பால் மாதிரி வெளுத்து, உயிரில்லாமல் இருந்தால் ஃபர்னஸ் காட்டும் சூடு பொய். கண்ணாடி மாதிரி மின்னி, விளிம்பெல்லாம் மழுங்கினாலும் அதே சந்தேகம், எதிர்த் திசையில். டென்டின் சுடலுக்குப் பிறகு பரப்பு ஆரஞ்சுத் தோல் போல் லேசான சொரசொரப்பும் மினுமினுப்பும் காட்டினால் சரி.

சோதிக்க 99.99 தூய வெள்ளிக் கம்பி வேண்டும். வெள்ளி 962 டிகிரியில் உருகும். 955-இல் ஒரு நிமிடம், வேக்குவம் இல்லாமல் வைத்துப் பாருங்கள், கம்பி அப்படியே இருக்க வேண்டும். 967-இல் உருண்டுவிட வேண்டும். நகைக்கடையில் கிடைக்கும் 92.5 வெள்ளி இதற்கு உதவாது, அது முன்னாலேயே உருகும். வித்தியாசம் பத்து டிகிரி என்றால் ஃபர்னஸின் கேலிபரேஷன் மெனுவில் நீங்களே திருத்தலாம். திருத்தியும் ஒரு வாரத்தில் மறுபடி விலகினால் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) அல்லது மஃபிள் (சூடேற்றும் அறை) போய்விட்டது. அங்கே கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்து கம்பியைத் தொடாதீர்கள்.

ஒரே கேப் மட்டும் மங்கலாக இருந்தால், எத்தனை தடவை சுட்டீர்கள் என்று எண்ணுங்கள். நான் ஐந்தாறுக்கு மேல் போவதில்லை. போகப்போக பீங்கான் வெளுக்கும்.

நிறம் லேபில் பொருந்தி வாயில் பொருந்தவில்லையென்றால் நிறம் எடுத்த விதத்தைக் கேளுங்கள். பல் நிற மாதிரிகள் கொண்ட வீட்டா கிளாசிக்கல் கைடில் ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள். பல்லைத் தேய்த்த பிறகு எடுத்தால் காய்ந்த பல் வெளுப்பாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், தேய்ப்பதற்கு முன், கைடைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள்.

## ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு

ஈறு மேலே ஏறி உலோக விளிம்பு தெரிகிறது, அவ்வளவுதான். சிரிக்கும்போது தெரியும் பல் என்றால் முன்பக்கம் பீங்கான் மார்ஜின் கேட்டு டாக்டரிடம் முன்பே பேசுங்கள். ஈறு சிவந்து அரித்தால் அது வேறு. நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

## வாயில் போன பிறகு உடைந்தது

உடைந்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். எதிர்ப் பல் கடிக்கும் இடம் உலோகமும் பீங்கானும் சேரும் கோட்டின் மேலேயே விழுந்திருந்தால் அதுதான் காரணம். அந்தக் கோடு கடி விழும் இடத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். எதிர்ப் பல்லெல்லாம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் ராத்திரியில் பல்லைக் கடிக்கிறவர். அடுத்த கேப்புக்கு மேல்பரப்பை உலோகமாகவே விடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

சின்னச் சில்லு என்றால் டாக்டர் வாயிலேயே காம்போசிட் (பல் நிற ரெசின்) வைத்துச் சரிசெய்துவிடலாம். கழற்றிக் கொண்டுவந்து "இதன்மேலேயே பீங்கான் வைத்துச் சுட்டுக் கொடுங்கள்" என்பார்கள். சுடாதீர்கள். வாயில் இருந்த பீங்கான் ஈரம் குடித்திருக்கும், ஃபர்னஸில் அது குமிழியாகக் கொதிக்கும், சில சமயம் முழுதாக வெடித்துவிடும். பீங்கானை முழுதும் எடுத்துவிட்டு கோப்பிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தக் கோப்பிங்கின் மார்ஜினில் சந்தேகம் இருந்தால் புது அளவு கேளுங்கள்.